ஆள் எதுக்கு, நாமளே விரிச்சிடலாம்

இன்று உங்களுக்கு ஒரு பிராணியை அறிமுகப்படுத்துகிறேன். இதைப் பார்க்கக் காட்டுக்குப் போக வேண்டாம், கூண்டருகே வரிசையில் நிற்க வேண்டாம். உங்கள் வீட்டுக் கூடத்திலேயே, கையில் அளவு டேப்பை வைத்துக்கொண்டு, எதையும் அளக்காமல் இழுப்பதும் விடுவதுமாக அது நின்றுகொண்டிருக்கலாம். இரண்டு கால், இரண்டு கை, அவற்றில் ஏதாவது ஒரு விரலில் எப்போதும் ஒரு கட்டு. வேலை தெரிந்தவரைக் கண்டால் அதற்குச் சந்தேகம், கருவியைக் கண்டால் காதல். "ஆள் எதுக்கு? நாமளே செஞ்சிடலாம்" என்பது அது எழுப்பும் ஓசை. அந்த ஓசை கேட்டதும் வீட்டில் உள்ளவர்கள் உடையக்கூடிய சாமான்களை எடுத்து உள்ளே வைப்பார்கள்.

கேள்விப்பட்டதை எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். இரண்டு முழங்காலிலும் இன்னமும் களிம்பு தடவி, கால்களை ஸ்டூல்மேல் நீட்டிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

குழாய் ஒழுகினால் சாதாரண மனிதனுக்கு எரிச்சல் வரும். நம்மவருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் வரும். முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு, கீழே குனிந்து பார்த்து, மேலே நிமிர்ந்து பார்த்து, விரலால் இரண்டு தட்டுத் தட்டி, "ம்ம்" என்று டாக்டர்போல ஒரு சத்தம் கொடுத்து, பிறகு போனை எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, யாரோ ஒரு மனிதர் கையில் அழுக்குப்படாமல் நான்கே நிமிடத்தில் குழாய் மாற்றும் வீடியோவை ஏழு தடவை பார்த்துவிட்டு எழுந்திருக்கும்போது அவர் குழாய் வேலையில் தேர்ந்தவராகிவிடுவார். வீட்டுக்குப் பிரதான வால்வு எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். தெரியாது.

எங்கள் வீட்டில் என் கைவண்ணங்கள் நிறைய உண்டு. குளியலறையில் வெந்நீர் வேண்டுமென்றால் குளிர்ந்த நீரின் பக்கம் திருப்ப வேண்டும். புத்தக அலமாரி வலப்புறம் சாய்ந்திருப்பதால் கனமான புத்தகங்கள் எல்லாம் இடப்புறத்தில்தான் இருக்கும், யார் எடுத்துப் படித்தாலும் உடனே அதே இடத்தில் வைத்துவிட வேண்டும். கூடத்து விளக்கின் சுவிட்சைப் போட்டால் சமையலறையில் ஃபேன் சுற்றும். விருந்தாளி வந்தால் என் மனைவி அவர்களை ஒரு சுற்று அழைத்துப் போய், விமானத்தில் பாதுகாப்பு விவரம் சொல்லும் பணிப்பெண்ணைப்போல இரண்டு கையாலும் காட்டி, முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லாமல் இதையெல்லாம் விளக்குவாள். எல்லோரும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்கள்.

இந்த இனத்துக்குப் பேச்சு அதிகம் கிடையாது. தொடங்கும்போது, "இதுல என்ன இருக்கு? ரெண்டு மணி நேர வேலை." நடுவில், "அதக் கொஞ்சம் புடி." தப்பாகப் போனதும், "வேணும்னுதான் அப்படி விட்டிருக்கேன்." முடிந்தபிறகு என்ன சொல்லும் என்று கேட்கிறீர்களா? முடிந்ததாகச் சரித்திரமே இல்லை. "மிச்சம் இருக்கிறது சின்ன வேலைதான்" என்பதோடு அந்த மொழியின் அகராதி முடிகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

என் மாமனார் நாற்பது வருஷம் தையல்காரராக இருந்தவர். மாமியார் போனபிறகு தனி வீட்டில் தனியாக இருந்தார். ஐந்து மாதத்துக்கு முன்னால் அவர் சமையலறைத் தரையில் வழுக்கி விழுந்து, பக்கத்து வீட்டுக்காரர் தற்செயலாக எட்டிப் பார்க்கும்வரை நான்கு மணி நேரம் அப்படியே கிடந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் கையில் ஒரு தடி வந்துவிட்டது, மனசில் ஒரு பயம் வந்துவிட்டது. வழுவழுப்பான தரையைக் கண்டாலே காலை எடுத்துவைக்கத் தயங்கினார் என்று கேள்வி. எங்களோடு வந்து இருங்கள் என்று மகள் கெஞ்சியதற்கு, "ஒரு வாரம் வர்றேன். அதுக்கு மேல இருந்தா பாரம்" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வாரத்துக்குள் அவர் மனசை மாற்றிவிட வேண்டும் என்பது என் மனைவியின் திட்டம்.

எங்கள் வீடு மூன்றாவது மாடியில். தரை முழுக்கப் பளபளவென்று டைல்ஸ். அவருக்காக ஒதுக்கிய அறையில் நின்று என் மனைவி தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா வர்றதுக்குள்ள இங்க கார்பெட் போட்டுடணும்," என்றாள். "முதல் அடியே வழுக்கிச்சுன்னா, மறுநாளே பையத் தூக்கிட்டுக் கிளம்பிடுவாரு."

ஒரு கார்பெட்காரரை அவளே வரவழைத்தாள். ஒல்லியான மனிதர், அதிகம் பேசாதவர். டேப்பை எடுத்து அறையை இரண்டு தடவை அளந்தார். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவர் பின்னாலேயே சுற்றினேன். இதுவும் எங்கள் இனத்தின் வழக்கம்: வேலைக்காரரைக் கூப்பிடுவதே அவரிடமிருந்து தொழிலைக் கறந்துகொண்டு அனுப்பத்தான். என்னென்ன சாமான் வேண்டும் என்று ஒன்றுமறியாதவன்போலக் கேட்டேன். பாவம், அவர் சொன்னார். கார்பெட்டுக்கு அடியில் போட ஒரு மெத்தை விரிப்பு. சுவரோரம் சுற்றிப் பொருத்த, ஆணிகள் பதித்த மெல்லிய மரப்பட்டை. கார்பெட்டை அந்த ஆணிகளில் மாட்டுவதற்கு முன் விறைப்பாகத் தள்ள, ஒரு முனையில் பல்லும் மறு முனையில் முழங்காலால் இடிக்க ஒரு திண்டும் வைத்த கிக்கர். ஓரத்தை மடக்கிச் செருக ஒரு தகடு. கொக்கிபோல வளைந்த கத்தி. இரண்டு துண்டை இணைக்க ஒரு நாடாவும், அதைச் சூடாக்க இஸ்திரிப் பெட்டிக்குத் தம்பிபோல ஒரு பெட்டியும். கடைசியாகக் கதவருகே போய் நின்று, கால் விரலால் கதவின் அடியைத் தொட்டுப் பார்த்து, அவர் இன்னும் ஏதோ சொன்னார். அப்போது நான் மனசுக்குள் கிக்கர், தகடு, வளைந்த கத்தி என்று உருப்போட்டுக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதில் கருவியின் பெயர் எதுவும் இல்லாததால் அது என் காதில் ஏறவில்லை.

வெள்ளிக்கிழமை வந்து அரை நாளில் முடித்துத் தருவதாகச் சொன்னார். "சொல்லி அனுப்புறேன்," என்றேன். எங்கள் மொழியில் அதற்கு, இனி உன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று அர்த்தம்.

வாசல் கதவைச் சாத்தியதும் மனைவி என்னைப் பார்த்தாள். நான் சொல்லப்போவது அவளுக்குத் தெரியும். "ஆள் எதுக்கு?" என்று ஆரம்பித்தேன். முழுக்கச் சொல்லவிடவில்லை.

"ஞாயித்துக்கிழமை பன்னண்டு மணிக்கு அப்பா வர்றாரு. அதுக்குள்ள முடியுமா?"

"ரெண்டு மணி நேர வேலை," என்றேன்.

அவள் சமையலறைக்குள் போனாள். அங்கே பாத்திரங்கள் கொஞ்சம் சத்தமாகவே அலமாரிக்குள் போய்ச் சேர்ந்தன.

ஒரு ரகசியம் சொல்லட்டுமா? எங்களுக்கு வேலை செய்வதில் அவ்வளவு ஆசை கிடையாது. வேலைக்கான சாமான் வாங்குவதில்தான் ஆசை. ஹார்டுவேர் கடைக்குள் நான் நுழைந்ததும் கடைக்காரர் எழுந்து நிற்பார், அவர் ஒரு கருவியை எடுத்து என் கையில் கொடுக்க, நான் அதை எடைபார்ப்பதுபோல இரண்டு தடவை மேலும் கீழும் ஆட்டி, விரல் நுனியால் கூர் பார்த்து, "இதுல பெரிய சைஸ் இருக்கா?" என்று கேட்பேன். சின்ன சைஸ் எதற்கு என்பதே எனக்குத் தெரியாது என்பது அவருக்கும் தெரியும். அன்றைக்கு அவர் என் தலையில் பன்னிரண்டு கருவிகளைக் கட்டினார். முழங்காலுக்குக் கட்டிக்கொள்ளும் பஞ்சுத் திண்டை மட்டும் நான் வேண்டாமென்றேன். அதெல்லாம் பயந்தவர்களுக்கு. வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மேஜைமேல் அளவு வாரியாக அடுக்கி, தள்ளி நின்று பார்த்தபோது பாதி வேலை முடிந்துவிட்ட நிறைவு வந்தது. கார்பெட் இன்னும் வாங்கவில்லை என்பது அதற்கப்புறம்தான் ஞாபகம் வந்தது.

சனிக்கிழமை காலை அறையைக் காலி செய்தேன். கட்டிலைக் கழற்றிக் கூடத்தில் போட்டேன், மெத்தையை அறைக்கதவுக்குப் பக்கத்துச் சுவரில் சாய்த்து நிறுத்தினேன். முதல் வேலை மரப்பட்டை. ஆணி அடித்துப் பொருத்தப் பார்த்தேன். நான்காவது டைல் விரிசல் விட்டபிறகு, பசை போட்டு ஒட்டலாம் என்ற யோசனை வந்தது. ஒட்டினேன். பசை இறுகி இரும்பாக ஆனபிறகு, பட்டையின் ஆணிகள் சுவரைப் பார்த்துச் சாய்ந்திருக்க வேண்டும், நான் ஒட்டிய பக்கம் அவை அறையைப் பார்த்துச் சாய்ந்திருக்கின்றன என்று கார்பெட் வீடியோவை எட்டாவது தடவை பார்த்தபோது தெரிந்தது. பிடுங்கினேன். பட்டையோடு டைலும் கொஞ்சம் வந்தது. ஆனால் நான் கலங்கவில்லை. கார்பெட் வேலையில் பெரிய வசதி என்னவென்றால், செய்த தப்பு எல்லாம் கார்பெட்டுக்கு அடியில் போய்விடும். சாயங்காலம் மூன்று சுவர் முடிந்திருந்தது. மனைவி எட்டிப் பார்த்தாள். "மிச்சம் இருக்கிறது சின்ன வேலைதான்," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவள் அப்பாவை அழைத்துவர பஸ் நிலையத்துக்குக் கிளம்பினாள். அப்போது மெத்தை விரிப்புப் போட்டாகிவிட்டது. அறையின் அகலத்துக்கு ஒரே கார்பெட் போதவில்லை, இரண்டு துண்டு. இரண்டாவது துண்டை அப்படியே போட்டால் ஓரத்தில் கொஞ்சம் குறைந்தது. தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன், கச்சிதமாக உட்கார்ந்தது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். இணைத்தபிறகு பார்த்தால் ஒரே நிறத்தில் வாங்கிய கார்பெட்டில் பாதி அறை கரும்பச்சையாகவும் பாதி அறை வெளிர்பச்சையாகவும் தெரிந்தது. ஜன்னல் வெளிச்சம் அப்படி, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு கிக்கர். அதை எப்படி விவரிப்பேன்? தரையில் மண்டியிட்டு, அதன் பல்லைக் கார்பெட்டில் ஊன்றி, மறுமுனைத் திண்டை முழங்காலுக்கு மேலே உள்ள தொடையால் ஓங்கி இடிக்க வேண்டும். மேலே. நான் முழங்காலாலேயே இடித்தேன். இருபது இடிக்குள் வலக்கால் மரத்துப்போனது, இடக்காலுக்கு மாறினேன். ஆனாலும் கார்பெட் நன்றாகவே இறுகியது, அதைச் சொல்லத்தான் வேண்டும். கதவுக்குப் பின்னால் இருந்த மூலை ஒன்றுதான் பாக்கி. கதவு உள்பக்கம் திறப்பது, திறந்திருந்தால் மூலையை மறைக்கும். ஆகவே கதவைச் சாத்தினேன். மூலையை முடித்து, அப்படியே நிலைப்படி ஓரம்வரை இழுத்து, தகடு கொண்டு செருகி, அழுத்தினேன். ஓரமெல்லாம் கத்தியால் சீவியதுபோல இருந்தது. என் வாழ்நாளில் நான் செய்த வேலைகளிலேயே மிகச் சுத்தமான வேலை அதுதான். மணி பதினொன்றரை. கைகளைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து, கதவின் பிடியைத் திருகி இழுத்தேன்.

கதவு அசையவில்லை.

மறுபடி இழுத்தேன். கதவுக்கு அடியில் இருந்தது விரல்கூட நுழையாத இடைவெளி. கதவுக்கு முன்னால் நான் போட்டிருந்தது இரண்டு விரல் உயரம். அப்போதுதான், அந்த ஒல்லி மனிதர் கதவருகே நின்று சொன்னது, காதில் ஏறாமல் எங்கோ காத்திருந்து, வார்த்தை வார்த்தையாக வந்து சேர்ந்தது. "முதல்ல கதவக் கழட்டிடணும் சார். அடியக் கொஞ்சம் சீவிட்டு, கடைசியா மாட்டிக்கலாம்."

கழற்ற முடியாதா என்ன? கதவின்மேலேயே பட்டையாக அறைந்த பழைய மாடல் கீல்கள் உள்பக்கம்தான் இருந்தன, கைக்கு எட்டும் தூரத்தில், கீலுக்கு ஆறு திருகாணியோடு. ஒரு சாதாரண ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் போதும். என்னைச் சுற்றிப் பன்னிரண்டு கருவிகள் கிடந்தன. ஸ்க்ரூ டிரைவர் மட்டும் சமையலறை இழுப்பறையில் இருந்தது. கத்தியால் முயன்றேன், முனை ஒடிந்தது. தகட்டால் முயன்றேன், தகடு வளைந்தது. கூடத்தில் என் போன் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. ஜன்னல் வழியே பார்த்தேன். மூன்று மாடி கீழே ஒரு பூனை என்னைப் பார்த்துவிட்டுப் போனது.

கார்பெட்டை வெட்டிக்கொண்டு வெளியே வரலாமே என்று நீங்கள் கேட்கலாம். கத்தியின் முனைதான் ஒடிந்ததே தவிர வெட்டும் பக்கம் அப்படியே இருந்தது. வெட்டலாம்தான். ஆனால் அந்த ஓரத்தைப் பார்த்தேன். இவ்வளவு சுத்தமான ஓரத்தை எப்படி ஐயா வெட்டுவது? கார்பெட்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து யோசித்தேன். உட்கார மெத்தென்று இருந்தது.

பன்னிரண்டுக்குச் சற்று முன்னால் வாசல் கதவு திறக்கும் சத்தம், தடி ஊன்றும் சத்தம், மனைவியின் குரல். "என்னங்க, அப்பா வந்துட்டாரு, வெளிய வாங்க." இதோ ஓரம் கொஞ்சம் பாக்கி, வந்துவிடுகிறேன் என்றேன். அவள் கதவைத் தள்ளிப் பார்த்தாள். தள்ளாதே, கார்பெட் சுருங்கிவிடும் என்று உள்ளேயிருந்து தடுத்தேன். தள்ளுவது நின்றது. விஷயம் அவளுக்குப் புரிந்துவிட்டது என்பது எனக்குப் புரிந்தது.

மாமனார் என்ன ஏது என்று விசாரிப்பது கேட்டது. அவள் தணிந்த குரலில் ஏதோ சொன்னாள். நீங்கள் உட்காருங்கள் மாமா, இரண்டு நிமிடம் என்றேன் நான். அவர் உட்காரவில்லை. தடியை ஊன்றிக்கொண்டு கதவை நோக்கி வருவது கேட்டது.

"கீழ இடிக்குதா, மேல இடிக்குதா மாப்பிள்ளை?" என்று ஆர்வமாகக் கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் டைல்ஸில் ஏதோ கிறீச்சென்று வழுக்கும் சத்தம் வந்தது. தொடர்ந்து, "அப்பா!" என்று ஒரு குரல். பிறகு தொப்பென்று ஏதோ விழுந்தது.

அந்த நிமிஷம் என் கண்ணுக்கு ஓரமும் தெரியவில்லை, கார்பெட்டும் தெரியவில்லை. நான்கு மணி நேரம் அவர் தரையில் கிடந்தார் என்று போனில் கேட்டுவிட்டு என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாளே, அதுதான் தெரிந்தது. கத்தியை எடுத்துக் கதவடியில் கண்டபடி கிழித்தேன். கார்பெட், மெத்தை விரிப்பு, கொஞ்சம் என் கட்டைவிரல், எல்லாவற்றையும் சேர்த்து வாரி எறிந்துவிட்டுக் கதவை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். என் வெட்டி வேலைப் பெருமையை நினைத்து அன்றைக்கு வெட்கப்பட்டதுபோல் நான் என்றைக்கும் வெட்கப்பட்டதில்லை.

மாமனார் மெத்தைமேல் உட்கார்ந்திருந்தார். மிச்சமென்று நான் வெளியே போட்டுவைத்திருந்த மெத்தை விரிப்புத் துண்டு ஒன்றில் தடியை ஊன்றி, அது வழுக்கி, சுவரில் சாய்த்த மெத்தைமேல் சரிந்து, மெத்தையோடு சேர்ந்து மெதுவாகக் கீழே இறங்கியிருக்கிறார். கால்களை நீட்டி, தடியை மடியில் வைத்துக்கொண்டு, "ஒண்ணும் ஆகல, ஒண்ணும் ஆகல" என்று மகளின் கையைத் தட்டிக்கொண்டிருந்தார். அவள் அவரை ஒரு கையால் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"முதல்ல கதவக் கழட்டணும்னு அந்த ஆள் சொன்னாரு," என்றாள்.

"நீயும் கேட்டியா? அப்புறம் ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேன். ரெண்டு தடவ."

நாளைக்குக் காலையில் அந்த மனிதரையே வரச் சொல்லப்போவதாகச் சொல்லி அவள் போனை எடுத்தாள். நான் மறுக்கவில்லை. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றேன். எங்கள் இனத்தில் ஒருவன் ஆளைக் கூப்பிடச் சம்மதித்து நிற்பது எவ்வளவு அபூர்வமான காட்சி என்று உங்களுக்குத் தெரியாது.

இதற்குள் மாமனார் எழுந்து, தடியை ஊன்றிக்கொண்டு, நான் கிழித்த இடத்தைத் தாண்டி அறைக்குள் போயிருந்தார். கார்பெட்மேல் முதல் அடி வைத்ததும் நின்றார். அடுத்த அடி வைத்தார். தடியை லேசாகத் தூக்கிப் பார்த்தார். பிறகு மெல்லக் குனிந்து, பச்சை நிறம் மாறும் இடத்தில் உள்ளங்கையால் ஒரு பக்கம் தடவினார், மறு பக்கம் தடவினார். நாற்பது வருஷம் துணியைத் தடவிய கை அது.

"இந்தத் துண்டு தலைகீழா இருக்கு மாப்பிள்ளை. வெல்வெட் மாதிரிதான். ரோமம் எல்லாம் ஒரே பக்கம் படுத்திருக்கணும்."

"நாளைக்கு அந்த ஆள் வந்து சரி பண்ணிடுவாருப்பா," என்றாள் மகள், போனைக் காதில் வைத்துக்கொண்டு.

அவர் நிமிர்ந்தார். என் கருவிகள் வரிசையாகக் கிடப்பதைப் பார்த்தார். வளைந்த கத்தியை எடுத்து, எடைபார்ப்பதுபோல இரண்டு தடவை மேலும் கீழும் ஆட்டி, விரல் நுனியால் கூர் பார்த்தார்.

"ஆள் எதுக்கு?" என்றார். "நாமளே பண்ணிடலாம். இதுல என்ன இருக்கு?"

என் மனைவி போனைக் கீழே இறக்கினாள். முதலில் அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தாள், கண்ணில் நீர் வரும்வரை. அவளுக்கு எட்டு வயதாக இருந்தபோது அவள் அப்பா வாசல் கதவை ரிப்பேர் செய்தாராம். அதற்குப் பிறகு ஆறு மாசம் அவள் அம்மா ஜன்னல் வழியாகத்தான் பால் வாங்கினாளாம். இவ்வளவு நாள் குடித்தனத்தில் இதை அவள் எனக்குச் சொன்னதே இல்லை. பிறந்த வீட்டில் பார்த்ததையே புகுந்த வீட்டிலும் பார்த்தால் யாருக்குத்தான் சொல்ல மனசு வரும்?

அது நடந்து நான்கு மாதம் ஆகிறது. ஒரு வாரத்துக்கென்று ஒரு பையோடு வந்தவர், இரண்டாவது வாரம் தன் கத்தரிக்கோல் பெட்டியை வரவழைத்தார். தலைகீழ்த் துண்டைப் பிரித்தோம், திருப்பினோம், குறைந்த ஓரத்துக்கு ஒட்டுப் போட்டோம். கதவைக் கழற்றினோம், அடியைச் சீவினோம், கொஞ்சம் அதிகமாகச் சீவிவிட்டோம். "வேணும்னுதான்," என்றார் மாமனார், நான் சொல்வதற்கு முன்னால். இப்போது தடியைக் கதவோரம் சாய்த்துவிட்டு அறைக்குள் வெறும் கையோடு நடக்கிறார். கடைசியில் நான் கிழித்த இடம் மட்டும்தான் பாக்கி. அதை ஒட்டக்கூடாது, தைக்க வேண்டும் என்று வளைந்த ஊசி ஒன்றை வைத்து வாரத்துக்கு நான்கு விரல் அகலம் என்று தைத்து வந்தார்.

போன வாரம் காலையில் நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "இன்னிக்கு முடிச்சிடலாம் மாமா, அரை மணி நேர வேலை" என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "முடிஞ்சிட்டா சரி. ஞாயித்துக்கிழமை நான் கிளம்பிடறேன்," என்றார். என் மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்திச் சத்தம் நின்றது.

அரை மணி கழித்து உட்கார்ந்தால் ஊசியைக் காணோம். தேடினோம். கார்பெட்டைத் தடவித் தடவித் தேடினோம், பெட்டியைக் கவிழ்த்துத் தேடினோம். என் மனைவியும் எங்களோடு மண்டியிட்டுத் தேடினாள், எல்லோரையும்விட மும்முரமாக. அன்று மாலை கடைக்குப் போகச் சில்லறைக்காக அவள் கைப்பையைத் திறந்தேன். உள்ளே ஒரு கைக்குட்டையில் பத்திரமாகச் சுற்றி அது இருந்தது. நிமிர்ந்தால் அவள் எதிரே நிற்கிறாள்.

"முடிச்சிடாதீங்க," என்றாள் மெதுவாக. "அது பாட்டுக்கு இருக்கட்டும்."

நான் ஊசியை முன்போலவே கைக்குட்டையில் சுற்றி வைத்தேன். கூடத்துக்குப் போய், அந்த மாதிரி ஊசி இங்கே எங்கும் கிடைக்காது, வெளியிலிருந்து வரவேண்டும், மாசக்கணக்காகும் என்று மாமனாரிடம் சொன்னேன். நாற்பது வருஷம் ஊசி பிடித்தவர், அது எந்தக் கடையில் கிடைக்கும் என்று அறியாதவரா? என்னைப் பார்த்தார், சமையலறைப் பக்கம் பார்த்தார்.

"வந்தப்புறம் பாத்துக்கலாம். என்ன அவசரம்?" என்றார். "அதுவரைக்கும் அந்தக் குளியலறைக் குழாயக் கொஞ்சம் கவனிப்போம். ரெண்டு மணி நேர வேலை."

இதோ, அவர் குளியலறையில் இருந்து என்னைக் கூப்பிடுகிறார், எழுந்து போக வேண்டும். போவதற்கு முன் உங்களிடம் ஒரு கேள்வி. நான் அந்த அறைக்குள் மாட்டிக்கொண்ட இடத்தைப் படிக்கும்போது, "கத்தியோட பின்பக்கத்த வெச்சுத் திருகியிருந்தா அந்தத் திருகாணி வந்திருக்கும்" என்று உங்களுக்குத் தோன்றியதா? உங்கள் வீட்டுக் கதவின் அடியை ஓரக்கண்ணால் ஒருமுறை பார்த்தீர்களா? பார்க்கவில்லை என்றால் நிம்மதியாகத் தூங்குங்கள். பார்த்திருந்தால் நீங்கள் நம்ம ஆள். வீட்டில் இருப்பவர்கள் ஏதாவது இரண்டு தடவை சொல்லியிருக்கிறார்களா என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், கதவைச் சாத்துவதற்கு முன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.